எலுமிச்சைச் சட்டம்

எலுமிச்சைச் சட்டம் என்பது, வாங்கிய தானுந்து பலமுறை பழுதுபார்த்தும் சரியாகாதபோது, அதற்கு மாற்று வண்டி தரவோ விலையைத் திருப்பித் தரவோ தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டங்களுக்கு ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். இவ்வகையின் முதற் சட்டம் 1982 ஆம் ஆண்டில் கனெடிகட் மாநிலத்தில் இயற்றப்பட்டது. இன்று 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உள்ளன. அவற்றின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

பிரேக், திசைமாற்றி போன்ற உயிராபத்து விளைவிக்கும் உறுப்புகளின் பழுதுக்குப் பல மாநிலங்கள் தனி அளவுகோல் வைத்துள்ளன. ஏனைய பழுதுகளுக்கு மூன்று அல்லது நான்கு முறை பழுதுபார்க்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றால், இவற்றுக்கு அதைவிடக் குறைந்த வாய்ப்புகளே போதும். எனினும் பிரேக் பழுதுகள் விட்டுவிட்டுத் தோன்றும் இயல்புடையவை. ஆகவே "பழுது எதுவும் தென்படவில்லை" என்று கூறி விற்பனை முகவர் வண்டியைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நிகழ்கிறது. இந்நிலையில் உரிமையாளரின் உரிமை, முகவரிடம் ஒவ்வொரு முறை சென்றதற்கும் உள்ள எழுத்துச் சான்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

பெயர்க்காரணம்

அமெரிக்க வழக்கில், பார்வைக்கு நன்றாக இருந்து வாங்கிய பின் ஏமாற்றும் பொருளை எலுமிச்சை என்பர். 1960 ஆம் ஆண்டு வோல்க்ஸ்வேகன் நிறுவனம் தன் வண்டியின் படத்துக்குக் கீழே இந்த ஒரே சொல்லை இட்டு விளம்பரம் செய்தது. சிறு குறை இருந்ததால் ஆய்வாளர் ஒதுக்கிய வண்டி அது என்பதே விளம்பரத்தின் செய்தி. 1970 ஆம் ஆண்டு பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோஃப், பழைய தானுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் இச்சொல் இடம்பெற்றது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த அறிவு வேறுபாடே நல்ல வண்டிகளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடக்கூடும் என்று அவர் காட்டினார். 2001 ஆம் ஆண்டின் பொருளியலுக்கான நோபல் பரிசை அவர் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

தமிழகத்தில் புதிய வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும் வழக்கத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பு இல்லை.

வரலாறு

தானுந்துத் தொழிலின் தொடக்க காலத்தில், வண்டியை வாங்கியவர் முகவரிடம் மட்டுமே ஒப்பந்த உறவு உடையவராகக் கருதப்பட்டார். தயாரிப்பாளருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இல்லாததால், குறைபாட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க இயலவில்லை. இந்நிலை மாற இரு தீர்ப்புகள் வழிவகுத்தன.

* மக்பெர்சன் எதிர் பியூக் (1916): மரத்தாலான சக்கர ஆரங்கள் நொறுங்கியதால் வண்டியின் உரிமையாளர் காயமுற்றார். வண்டியை அவர் முகவரிடம் வாங்கியிருந்தார். சக்கரத்தைச் செய்ததோ வேறொரு நிறுவனம். ஆயினும் கவனக்குறைவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று நியூ யார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ தீர்ப்பளித்தார்.
* ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்டு மோட்டார்சு (1960): வாங்கிப் பத்து நாட்களே ஆன பிளிமத் வண்டி, திசைமாற்றி செயலிழந்து சுவரில் மோதியது. பழுதான உறுப்பை மாற்றித் தருவதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று உத்தரவாதத்தின் சிறிய எழுத்து கூறியது. அந்த வரம்பு செல்லாது என்று நியூ செர்சி உச்ச நீதிமன்றம் கூறி, தயாரிப்பாளர், முகவர் இருவரையும் பொறுப்பாக்கியது.

இவ்விரு வழக்குகளும் விபத்து நடந்த பின் எழுந்தவை. விபத்து நேராமல், ஆனால் நம்பி ஓட்ட இயலாத வண்டியை வைத்திருப்பவருக்கு இவற்றால் கிடைத்த பயன் குறைவு. 1970 ஆம் ஆண்டு கலிபோர்னியா, சாங்–பெவர்லி நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தை இயற்றியது. நியாயமான எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குப் பின்னும் பழுதைச் சரிசெய்ய இயலாவிடில், தயாரிப்பாளர் பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும் என்று அது கூறியது. 1975 ஆம் ஆண்டு நடுவண் அரசின் மாக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழக்கில் வெல்லும் நுகர்வோர் தம் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பிடமிருந்து பெற அது வழி செய்தது. ஒரு வண்டிக்காகத் தனியொருவர் பெருநிறுவனத்தோடு வழக்காடுவது இதன் பின்னரே நடைமுறையில் இயல்வதாயிற்று.

ஆனால் "நியாயமான எண்ணிக்கை" எத்தனை என்பது தெளிவாகவில்லை. கனெடிகட் மாநிலப் பேரவை உறுப்பினர் ஜான் உட்காக் முன்மொழிந்து 1982 இல் நிறைவேறிய சட்டம் அதற்கு எண்களை வகுத்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவும் டானர் சட்டத்தின் வாயிலாக இதைச் செய்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

முகவரும் தயாரிப்பாளரும்

அமெரிக்காவில் பெரும்பாலான விற்பனை முகவர்கள் தயாரிப்பாளருக்குச் சொந்தமான கிளைகள் அல்லர். உரிம ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் தனி வணிகர்கள். உத்தரவாதக் காலத்தில் முகவர் செய்யும் பழுதுபார்ப்புக்கான கூலியைத் தயாரிப்பாளர் தருகிறார். ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். எளிதில் பிடிபடாத பழுதைத் தேடிச் செலவிடும் நேரத்துக்கு முழுக் கூலி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பழுதைத் தேடிக் கண்டறிய முகவருக்குள்ள ஊக்கம் குறைவு.

புதிய வண்டியைப் பொறுத்தவரை, மாற்றித் தரும் கடமையைப் பெரும்பாலான எலுமிச்சைச் சட்டங்கள் தயாரிப்பாளர் மீதே சுமத்துகின்றன. முகவரிடம் எத்தனை முறை வாதிட்டாலும், தயாரிப்பாளருக்கு முறைப்படி அறிவிக்காதவரை சில மாநிலங்களில் உரிமை முழுமை பெறாது. அதே சமயம், முகவரின் பணிமனையில் நடந்த ஒவ்வொரு முயற்சியும் தயாரிப்பாளரின் முயற்சியாகவே எண்ணப்படும். வேறு வேறு முகவர்களிடம் சென்றிருந்தாலும் அவை சேர்த்தே கணக்கிடப்படும்.

பிரேக் பழுதுகளின் இயல்பு

நிறுத்தி எனத் தமிழில் வழங்கும் பிரேக் அமைப்பு, மிதியில் காலால் தரும் விசையை நீர்ம அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. ஒரு சுற்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றொன்று இயங்கும்படி, இக்காலத் தானுந்துகளில் இரண்டு தனிச் சுற்றுகள் உள்ளன. ஆதலால் பிரேக் முற்றிலும் அற்றுப்போவது அரிது. உரிமையாளர் முறையிடும் பழுதுகள் பெரும்பாலும் பின்வருவன போன்று, தோன்றி மறைபவை.

* மிதி மெல்லத் தாழ்தல்: முதன்மை உருளையின் உள்ளே இருக்கும் அடைப்பு வளையம் தேய்ந்தால், நீர்மம் வெளியே சிந்தாமல் உள்ளேயே பின்னோக்கிக் கசியும். சிவப்பு விளக்கில் மிதியை நிதானமாக அழுத்தி நிற்கும்போது அது தாழ்ந்துகொண்டே போகும். திடீரென வேகமாக மிதித்தால் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். தரையில் கசிவும் இராது.
* சூட்டில் வலுவிழத்தல்: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140 பாகை மட்டுமே. நீண்ட மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால் மிதி வெறுமையாக உள்ளே செல்லும். வண்டி குளிர்ந்தபின் எல்லாம் சரியாகிவிடும்.
* மிதி இறுகுதல்: காலின் விசையைப் பெருக்கித் தரும் வெற்றிடப் பூஸ்டரோ அதன் குழாயோ பழுதுற்றால், மிதி கல் போல் இறுகும்.
* மென்பொருள் சார்ந்த பழுது: சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ. பி. எஸ். அமைப்பும், கலப்பு வண்டிகளில் மின்னோடி வழி வேகம் குறைக்கும் அமைப்பும் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. குறிப்பிட்ட வேகம், வழுக்கும் சாலை, மேடுபள்ளம் ஆகியவை ஒன்றுசேரும் நொடியில் மட்டும் இப்பழுது தோன்றக்கூடும்.

இரவு முழுதும் குளிர்ந்து நின்ற வண்டியைச் சமதளத் தெருவில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் பணியாளருக்கு இவற்றுள் பல புலப்படா. "பழுதை மீண்டும் தோற்றுவிக்க இயலவில்லை" என்று அவர் எழுதுவது உண்மையாகவே இருக்கலாம். அதனால் பழுது இல்லை என்று ஆகாது. இதற்கு மாறாக, ஏ. பி. எஸ். இயங்கும்போது மிதி அதிர்வது இயல்பான செயலே. அதைப் பழுதென்று முறையிடுவோரும் உண்டு. தேய்மான உறுப்புகளான பிரேக் பட்டைகளும் வட்டுகளும் பொதுவாக நீண்ட உத்தரவாதத்தில் அடங்குவதில்லை. பழுதைத் தேய்மானமாகக் காட்டிக் கட்டணம் கேட்கும்போது இவ்வேறுபாடே சச்சரவுக்குக் காரணமாகிறது.

சட்டத்தின் அமைப்பு

கலிபோர்னியாவின் டானர் சட்டம் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. வண்டி கைக்கு வந்த 18 மாதம் அல்லது 18,000 மைல், இவற்றுள் எது முந்தியதோ அதற்குள், கீழ்க்காணும் நிலைகளில் ஒன்று ஏற்பட்டால், நியாயமான முயற்சிகள் நடந்துவிட்டன என்று சட்டம் அனுமானிக்கும்.

* இறப்பையோ கடுங்காயத்தையோ விளைவிக்கக்கூடிய பழுதுக்கு 2 அல்லது அதற்கு மேற்பட்ட பழுதுபார்ப்பு முயற்சிகள்.
* பிற பழுதாயின், ஒரே பழுதுக்கு 4 அல்லது அதற்கு மேற்பட்ட முயற்சிகள்.
* பழுதுபார்ப்புக்காக வண்டி மொத்தம் 30 நாட்களுக்கு மேல் பணிமனையில் இருத்தல். இந்நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.

முதலிரண்டு நிலைகளில், தயாரிப்பாளருக்கு நேரடியாகவும் அறிவித்திருக்க வேண்டும். உத்தரவாத ஏட்டிலோ கையேட்டிலோ தயாரிப்பாளர் இதைத் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே இக்கடப்பாடு பொருந்தும். இந்த அனுமானம் மறுக்கத்தக்கது. அதாவது, மாறான சான்று காட்டத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. 18 மாதம் கடந்தபின் தோன்றிய பழுதுக்கும் உத்தரவாதம் நீடித்தால் வழக்குத் தொடுக்கலாம்; அனுமானத்தின் துணை மட்டுமே அப்போது கிடைக்காது.

டெக்சாசிலும் கடுமையான பாதுகாப்புக் குறைக்கு 2 முயற்சிகளே அளவுகோல். நியூ யார்க் மாநிலத்தில் 18,000 மைல் அல்லது 2 ஆண்டுக்குள் 4 முயற்சிகள் அல்லது 30 நாட்கள் என்பது விதி.

திருப்பித் தரும் தொகை

விலை, வரி, பதிவுக் கட்டணம் ஆகியவை திருப்பித் தரப்படும். பழுது தோன்றுமுன் பயன்படுத்திய அளவுக்குக் கழிவு உண்டு. கலிபோர்னியாவில், பழுதுக்காக முதன்முறை முகவரிடம் கொண்டுசென்றபோது ஓடியிருந்த மைல்களை 1,20,000 ஆல் வகுத்து விலையால் பெருக்குவர். எடுத்துக்காட்டாக, 24,000 டாலர் வண்டியை 6,000 மைலில் முதன்முறை கொண்டுசென்றிருந்தால் கழிவு 1,200 டாலர். அம்முதல் வருகைக்குச் சீட்டு இல்லாமல், 12,000 மைலில் நடந்த இரண்டாம் வருகையே முதலாவதாகப் பதிவாகியிருந்தால், கழிவு 2,400 டாலராக இரட்டிக்கும்.

கடமையைத் தெரிந்தே மீறிய தயாரிப்பாளருக்கு, உண்மை இழப்பின் இருமடங்கு வரை கூடுதல் தண்டம் விதிக்கவும் கலிபோர்னியாச் சட்டம் இடமளிக்கிறது. திரும்பப் பெற்ற வண்டியை மறுபடி விற்கும்போது, அதன் உரிமைச் சான்றிதழில் அச்செய்தி பொறிக்கப்பட வேண்டும்; கதவுச் சட்டத்தில் ஒட்டுச்சீட்டும் இருக்க வேண்டும்.

சான்றுகள்

நடுவர் விசாரணையிலும் நீதிமன்றத்திலும் முதன்மையான சான்று, பணிமனை வழங்கும் பழுதுபார்ப்புச் சீட்டு ஆகும். அதில் வண்டி உள்ளே வந்த நாள், வெளியே சென்ற நாள், ஓடிய மைல், உரிமையாளரின் முறையீடு, கண்டறிந்தவை, செய்த வேலை ஆகியவை இடம்பெறும். பழுது எதுவும் தென்படாத வருகைக்கும் சீட்டுப் பெறுவது இன்றியமையாதது. சீட்டில்லாத வருகையை மெய்ப்பிப்பது கடினம்.

முறையீட்டின் சொற்களும் முக்கியமானவை. "பிரேக் சரியில்லை" என்ற பதிவைவிட, "அரை மணி நேரம் ஓடியபின், நின்ற நிலையில் மிதி தரை வரை தாழ்கிறது" என்ற பதிவு பயன் மிக்கது. ஒரே பழுதுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சொற்களில் முறையிட்டால், அவை வெவ்வேறு பழுதுகள் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தால், கணினி சேமித்த பழுதுக் குறியீட்டை அழிக்குமுன் சீட்டில் எழுதச் செய்வது வழக்கம். பணியாளரை உடன் அமர்த்தி, பழுது தோன்றும் அதே நிலைமையில் ஓட்டிக் காட்டுமாறும் கேட்கலாம்.

தயாரிப்பாளர்கள் முகவர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்ப அறிக்கைகள் மற்றொரு சான்று. முகவர் "இப்படியொரு பழுதைக் கேள்விப்பட்டதில்லை" என்று கூறும் பழுதுக்கு ஏற்கெனவே திருத்தமுறை வெளியாகியிருக்கக்கூடும்.

பயன்படுத்திய வண்டிகள்

பழைய வண்டிகளுக்கான பாதுகாப்பு குறைவு. நியூ யார்க், மாசசூசெட்ஸ், நியூ செர்சி உள்ளிட்ட சில மாநிலங்களில் மட்டுமே தனிச் சட்டங்கள் உள்ளன. இவற்றில் பொறுப்பு விற்ற முகவர் மீதே விழுகிறது. நியூ யார்க் சட்டத்தின்படி முகவர் எழுத்து மூலம் தரவேண்டிய உத்தரவாதத்தில் பிரேக் அமைப்பும் அடங்கும். 36,000 மைல் வரை ஓடிய வண்டிக்கு 90 நாட்கள் அல்லது 4,000 மைல் என்றும், 80,000 மைல் முதல் 1,00,000 மைல் வரை ஓடியதற்கு 30 நாட்கள் அல்லது 1,000 மைல் என்றும் அதன் காலம் அமைகிறது.

கலிபோர்னியாவில், முந்தைய உரிமையாளரின் தயாரிப்பாளர் உத்தரவாதம் மீதமிருக்கும் பழைய வண்டி "புதிய வண்டி" ஆகாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இதனால் திரும்பப் பெறும் உரிமை பழைய வண்டி வாங்கியோருக்குச் சுருங்கியது.

பாதுகாப்பு மீளழைப்புடன் தொடர்பு

எலுமிச்சைச் சட்டம் தனி வண்டியைப் பற்றியது. ஒரே வகை வண்டிகள் பலவற்றில் காணும் பாதுகாப்புக் குறையை, 1966 ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்தின் கீழ் நடக்கும் மீளழைப்பு கையாள்கிறது. இதைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் மேற்பார்க்கிறது. மீளழைப்புத் திருத்தம் இலவசமாகச் செய்யப்பட வேண்டும். 15 ஆண்டு வரை பழைய வண்டிகளுக்கு இது பொருந்தும். உத்தரவாதம் முடிந்திருப்பதோ வண்டி கைமாறியிருப்பதோ தடையாகாது. 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வண்டி அடையாள எண்ணைக் கொண்டு, திருத்தம் நிலுவையில் உள்ளதா என அறியலாம்.

பிரேக் தொடர்பான இரு நிகழ்வுகள் இம்முறையின் வலிமையையும் வரம்பையும் காட்டுகின்றன. ஜெனரல் மோட்டார்சின் 1980 மாதிரி எக்ஸ் வகை வண்டிகளில், பின்சக்கரங்கள் முன்னதாகப் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்குவதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். ஏறத்தாழ 11 இலட்சம் வண்டிகளை மீளழைக்கக் கோரி அரசு 1983 இல் வழக்குத் தொடுத்தது. முறையீடுகள் ஏராளமாக இருந்தும், குறைபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் 1987 இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. மாறாக, 2010 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் பிரியசு உள்ளிட்ட கலப்பு வண்டிகள் ஏறத்தாழ 4,37,000 ஐ உலகெங்கும் மீளழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் பிரேக் ஒரு கணம் தளர்வதாக ஓட்டுநர்கள் கூறிவந்தனர். ஏ. பி. எஸ். மென்பொருளைப் புதுப்பித்து அது சரிசெய்யப்பட்டது.

பாதுகாப்பு நிருவாகத்திடம் முறையிடுவதால் தனியொருவருக்குப் பணம் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு பணிமனையில் தனித்து நிற்கும் முறையீடு, அங்கு அதே வகை முறையீடுகளோடு சேர்கிறது. விசாரணை தொடங்குவதற்கு இத்தொகுப்பே அடிப்படையாக அமைகிறது.

விமர்சனங்கள்

* பல மாநிலங்களில் நீதிமன்றம் செல்லுமுன், தயாரிப்பாளர் ஏற்பாடு செய்யும் நடுவர் முறையை நாட வேண்டியுள்ளது. செலவு குறைவு என்பது இதன் நிறை. செலவை ஏற்பவர் தயாரிப்பாளரே என்பதால் நடுநிலை பற்றிய ஐயம் எழுப்பப்படுகிறது.
* உயிராபத்துப் பழுதுக்கு இரண்டு முயற்சிகள் என்பதும் மிகை என்பர் நுகர்வோர் தரப்பினர். இரண்டாம் முயற்சிக்கு முன் அவ்வண்டியை ஓட்ட வேண்டியவர் உரிமையாளரே.
* வழக்கறிஞர் கட்டண விதி தேவையற்ற வழக்குகளைத் தூண்டுகிறது என்பது தயாரிப்பாளர்களின் வாதம். கலிபோர்னியாவில் 2024 இல் வழக்கு நடைமுறை திருத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டுச் சட்டம், இப்புதிய நடைமுறையில் சேர்வதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டது.
* நிலுவையிலுள்ள மீளழைப்புத் திருத்தம் செய்யாமல் புதிய வண்டியை விற்க நடுவண் சட்டம் தடை செய்கிறது. பழைய வண்டியை முகவர் விற்பதற்கு அத்தகைய தடை இல்லை.

பிற நாடுகளில்

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் எலுமிச்சைச் சட்டம் நடப்பிலுள்ளது. அங்கு அது தானுந்துகளுக்கு மட்டுமன்றிப் பொதுவாக நுகர்பொருட்களுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, தொடக்கம் முதலே இருந்ததாகக் கருதப்படும்.

இந்தியாவில் இப்பெயரில் தனிச் சட்டம் இல்லை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். முயற்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டு குறையை அனுமானிக்கும் விதி அங்கு இல்லாததால், உற்பத்திக் குறைபாட்டை வல்லுநர் சான்றின் துணையோடு மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் உரிமையாளர் மீது விழுகிறது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளை மீளழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* தானுந்து
* பிரேக்
* நுகர்வோர் பாதுகாப்பு
* உத்தரவாதம்
* ஜார்ஜ் அகெர்லோஃப்

பகுப்புகள்: நுகர்வோர் சட்டம் | ஐக்கிய அமெரிக்கச் சட்டங்கள் | தானுந்துப் பாதுகாப்பு